பேட்டரி இல்லாமல் பதில் சொல்லும் டேக்

நேயர்களுக்கு வணக்கம். சில நூலகங்களில் புத்தக அட்டையின் உட்புறம் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சுருள் சுருளாக உலோகக் கோடும், கடுகைவிடச் சிறிய சிப் ஒன்றும் தெரியும். இதுதான் ஆர்எஃப்ஐடி டேக், அதாவது ரேடியோ அலை மூலம் தன்னை அடையாளம் காட்டும் சீட்டு. சுருள் அதன் ஆண்டெனா.

இதில் பேட்டரி கிடையாது. டேக்கைப் படிக்கும் கருவியான ரீடர் எழுப்பும் காந்தப்புலம் அந்தச் சுருளில் மின்சாரத்தைத் தூண்ட, சிப் விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இந்த வகைக்கு எட்டும் தூரம் குறைவு. தட்டிச் செல்லும் அட்டைகளுக்குச் சில சென்டிமீட்டர்தான். கால்நடைகளின் காதில் மாட்டும் டேக் 134.2 கிலோஹெர்ட்ஸ். கிடங்குகளில் இருப்பது 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையிலான யுஎச்எஃப், அதாவது மிக உயர் அதிர்வெண் வகை. சில மீட்டர் தள்ளியிருந்தும் படிக்கலாம்.

யுஎச்எஃப் டேக் தானாக அலை எதையும் உண்டாக்குவதில்லை. வெயிலில் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சைகை காட்டுவதுபோல, ரீடர் அனுப்பிய அலையையே கூட்டியும் குறைத்தும் திருப்பி அனுப்புகிறது. பிரதிபலித்த அலையால் செய்தி அனுப்பலாம் என்று பொறியாளர் ஹாரி ஸ்டாக்மன் 1948-லேயே எழுதிவிட்டார்.

நூறு டேக்குகள் ஒரே நேரத்தில் 'உள்ளேன் ஐயா' என்றால் எதுவும் காதில் விழாதே? அதனால் ஒவ்வொரு டேக்கும் ஏதோ ஓர் எண்ணைத் தேர்ந்துகொண்டு, அந்த முறை வரும்போது மட்டும் வாய் திறக்கும். இரண்டு டேக்குக்கு ஒரே எண் அமைந்துவிட்டால் அடுத்த சுற்றில் மீண்டும் முயலும்.

டேக் படிக்கவில்லை என்றதும் பலர் ரீடரின் திறனைக் கூட்டுகிறார்கள். அது பெரும்பாலும் தவறான வைத்தியம். பக்கத்து அடுக்கிலுள்ள பெட்டிகளும் கணக்கில் ஏறிவிடும். முதலில் டேக் ஒட்டிய இடத்தைப் பாருங்கள். உலோகத்தின் மேல் நேராக ஒட்டினால் ஆண்டெனாவின் சுருதியே மாறிவிடும். அதற்கென்று இடையில் சில மில்லிமீட்டர் தடுப்புப் பொருள் வைத்த டேக்குகள் உண்டு. தண்ணீர் யுஎச்எஃப் அலையை விழுங்கும். பாட்டில் என்றால் திரவம் படாத கழுத்துப் பகுதியில் ஒட்டலாம். மனித உடம்பும் தண்ணீர்தான், மார்போடு ஒட்டித் தொங்கும் அட்டை அதனால்தான் மக்கர் செய்கிறது. மெல்லிய புத்தகங்களில் ஒரே இடத்தில் ஒட்டிய டேக்குகள் அடுக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒன்றையொன்று கெடுக்கும். மேலே, நடுவே, கீழே என்று இடம் மாற்றி ஒட்டினால் தீரும்.

யுஎச்எஃப் டேக்கின் முனை ரீடரின் ஆண்டெனாவை நேராகக் குத்துவதுபோல் நின்றாலும் சரியாகப் படிக்காது. அதனால் டேக் ஒட்டிய ஒரு பெட்டியைத் திசை மாற்றி மாற்றி 20 முறை ரீடர் வைக்கும் வாசல் வழியே கொண்டுபோய், எத்தனை முறை பதிவாகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஆண்டெனாவைச் சுவரில் பொருத்த வேண்டும்.

கதவு திறக்கும் அட்டைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பழைய 125 கிலோஹெர்ட்ஸ் அட்டைகளில் பல, கேட்பவர் யாராக இருந்தாலும் தம் எண்ணை அப்படியே ஒப்பிக்கும், நகலெடுப்பது எளிது. புதிதாக வாங்குபவர்கள், ரகசியச் சாவி வைத்து ஒவ்வொரு முறையும் புதுப் பதில் தரும் அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். வணக்கம்.