பெரியவர்களோடு காரில் சென்னைக்கு: எங்கே தங்குவது, வண்டியை எங்கே விடுவது?

[திரையில்: எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே கென்னட் லேன்]

ஸ்டேஷனுக்கு எதிரிலேயே லாட்ஜ், வாடகையும் குறைவு என்று எழும்பூர் கென்னட் லேனில் ரூம் போடுபவர்கள் நிறையப் பேர். ரயிலில் வந்து இறங்குபவர்களுக்கு அது சரி. காரில் வருபவர்களுக்கு அது தலைவலி. சந்து குறுகல், ஓர் ஆட்டோ நின்றாலே பின்னால் ஹாரன் சத்தம் எழும். திருவல்லிக்கேணி மேன்ஷன் தெருக்களிலும் இதே நிலைமைதான்.

மலிவான ரூமும் கார் நிறுத்த இடமும் சென்னையின் நடுவில் ஒரே வாசலில் கிடைப்பது அபூர்வம். அதனால் ஊர் நடுவில் ரூம் தேடாதீர்கள். நீங்கள் வரும் நெடுஞ்சாலை மெட்ரோவைத் தொடும் இடத்திலேயே தங்கி, கார் சாவியை அங்கேயே மறந்துவிடுங்கள்.

[திரையில்: மெட்ரோ வரைபடம்]

திருச்சி, விழுப்புரம் பக்கமிருந்து ஜிஎஸ்டி சாலையில் வந்தால் ஆலந்தூர், நங்கநல்லூர், கிண்டி வட்டாரம். வேலூர் பக்கமிருந்து பூந்தமல்லி வழியாக வந்தால் கோயம்பேடு, திருமங்கலம். நீல வழித்தடமும் பச்சை வழித்தடமும் ஆலந்தூரிலும் சென்ட்ரலிலும் சந்திக்கின்றன. ஆலந்தூரில் ஏறினால் எழும்பூர், சென்ட்ரல், அண்ணா சாலை எல்லாமே வண்டி மாறாமல் போகலாம். நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. சக்கர நாற்காலி போகும் அளவுக்கு அகலமான கேட் ஒன்றும் இருக்கும், ஊழியரிடம் சொன்னால் திறந்துவிடுவார். ஒரு எச்சரிக்கை: எல்லா வாசலிலும் லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலிக்காரரை எஸ்கலேட்டர் வாசலில் இறக்கிவிட்டுப் பிறகு லிஃப்டைத் தேடி சாலையைக் கடப்பது, மாடிப்படி ஏறுவதைவிட மோசம். இறங்கும் நிலையத்தில் லிஃப்ட் எந்த வாசல் என்று ரயிலேறும் முன்பே கவுண்டரில் கேளுங்கள்.

கோயம்பேடு, திருமங்கலம், ஆலந்தூர் மெட்ரோ நிலையங்களில் கார் நிறுத்துமிடம் உண்டு. பகலில் வண்டியை விட்டுவிட்டு ஊருக்குள் போய்வர வசதி. இரவு முழுக்க விடுவதாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லி, அதற்கான கட்டணத்தை சீட்டில் எழுதி வாங்குங்கள். பெட்டி, மருந்துப் பை எதையும் காருக்குள் விட வேண்டாம். இன்சுலின் இருந்தால் நிச்சயம் கூடாது, வெயிலில் நிற்கும் காரில் அது கெட்டுவிடும்.

[திரையில்: லாட்ஜ் வாசல், ஐந்து படிகள்]

இனி ரூம். வாடகையைக் கேட்கும் முன் லிஃப்டைக் கேளுங்கள். "லிஃப்ட் இருக்கு சார்" என்பார்கள். தெருவிலிருந்து லிஃப்ட் வரைக்கும் எத்தனை படி என்பதுதான் கேள்வி. பழைய கட்டடங்களில் ஐந்தாறு படி ஏறித்தான் ரிசப்ஷன் வரும், சிலவற்றில் லிஃப்டே முதல் மாடியிலிருந்துதான் தொடங்கும். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா, விளக்கு மட்டும் எரியுமா என்றும் கேளுங்கள். பதில் இழுத்தால் தரைத்தளம் அல்லது முதல் மாடி கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது குளியலறை. பெரியவர்கள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். வெஸ்டர்ன் டாய்லெட்டா, வாசலில் படி உண்டா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி அநேகமாக இருக்காது. துணி மாட்டும் கம்பியைப் பிடித்து எழுந்தால் அது கையோடு வந்துவிடும். பிளாஸ்டிக் முக்காலியும் ரப்பர் விரிப்பும் காரில் எடுத்துவந்தால் செலவு ஒன்றுமில்லை. வெந்நீர் பல லாட்ஜ்களில் காலையில் சில மணி நேரம் மட்டும்தான் வரும். ரூமிலேயே கீசரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

[திரையில்: கடிகாரம், காலை 5 மணி]

பணம் வீணாவது வாடகையில் அல்ல, செக்-அவுட் கணக்கில். சில இடங்களில் 24 மணி நேரக் கணக்கு: காலை 6-க்கு நுழைந்தால் மறுநாள் 6 வரை. சில இடங்களில் பகல் 12 மணிக் கணக்கு: அங்கே காலை 5-க்குப் போய் நின்றால் 12 மணிக்கே ஒரு நாள் முடிந்துவிடும், மறுபடியும் ஒரு நாள் வாடகை. இரவெல்லாம் ஓட்டி விடியற்காலையில் வருபவர்கள் 24 மணி நேரக் கணக்கு உள்ள இடத்தையே தேட வேண்டும். ஆயிரம் ரூபாய் வாடகையைவிட 1,300 ரூபாய் வாடகை மலிவாக முடியும் இடம் இதுதான்.

[திரையில்: அடித்தள பார்க்கிங்]

"பார்க்கிங் வசதி உண்டு" என்று ஆப்பில் போட்டிருப்பதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். லாட்ஜுக்கே போன் செய்து கேளுங்கள்: காம்பவுண்டுக்கு உள்ளேயா, தெருவிலா? எத்தனை கார் நிற்கும்? முன்பதிவு செய்தவருக்கு இடம் ஒதுக்குவார்களா, முதலில் வந்தவருக்கா? ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும் இடமென்றால் சாவியை அவர்களிடம் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுப்பதற்கு முன் நான்கு பக்கமும், கிலோமீட்டர் மீட்டரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கேரியர் வைத்த வண்டி என்றால் உயரத்தையும் சொல்லுங்கள்.

மழைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடித்தள பார்க்கிங்கைத் தவிர்ப்பது நல்லது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்றது சும்மா அல்ல. தண்ணீர் ஏறிய வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. எஞ்சினுக்குள் நீர் புகுந்து கெட்டால், தனியாக எஞ்சின் பாதுகாப்பு எடுக்காத சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் அந்தச் செலவைத் தராது.

மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. தினமும் பரிசோதனை என்றால் மருத்துவமனைப் பக்கத்திலேயே தங்குங்கள், பார்க்கிங்குக்குத் தனியாகச் செலவானாலும் பரவாயில்லை. அப்போலோ மருத்துவமனை இருக்கும் கிரீம்ஸ் சாலைப் பக்கம் சமையலறையோடு வாடகை அறைகள் உண்டு, கஞ்சி வைக்க ஓர் அடுப்பு கிடைப்பதே பெரிய விஷயம். ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு அரசினர் தோட்டம் மெட்ரோவும், ராஜீவ் காந்தி மருத்துவமனைக்கு சென்ட்ரல் மெட்ரோவும் பக்கம்.

காரே வேண்டாம் என்று ரயிலில் வந்தால், எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயில்வே ஓய்வறைகள் இருக்கின்றன. உறுதியான அல்லது ஆர்ஏசி டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி தளத்தில் பதியலாம். சீக்கிரம் தீர்ந்துவிடும். ஊருக்குள் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அம்மாவுக்கு அதைச் சொல்லிவையுங்கள்.

[திரையில்: பில்]

செக்-இன் செய்யும்போது தங்கும் ஒவ்வொருவருடைய அடையாள அட்டையையும் கேட்பார்கள், அசலை எடுத்துவாருங்கள். கிளம்பும்போது பில்லைப் பாருங்கள். நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம், பழைய 12 அல்ல. ஜிஎஸ்டி எண் இல்லாத சிறிய லாட்ஜ் வரி என்று எதையும் வசூலிக்க முடியாது. கூடுதல் படுக்கை, பார்க்கிங் இரண்டையும் முன்பு சொன்ன தொகையோடு ஒப்பிட்ட பிறகு பணத்தைக் கட்டுங்கள்.