லோகிதாசனும் கிணற்றடியும்

நடுவர் ஐயாவுக்கும், வந்ததில் இருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் எதிரணியினருக்கும், கச்சான் சரையோடு கோயில் வீதி மணலில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

'சின்ன வயதில் கிடைக்கும் நடிப்புப் புகழ் பிள்ளைக்கு வரமா, பாரமா?' எனக்குத் தந்த பக்கம் பாரம். தராவிட்டாலும் இதைத்தான் கேட்டு வாங்கியிருப்பேன்.

எட்டு வயதில் நான் அரிச்சந்திரன் நாடகத்தின் மயான காண்டத்தில் மகன் லோகிதாசன். பாம்பு கடித்துச் செத்துக் கிடக்க வேண்டும். தாய் சந்திரமதியாக நடித்தவர் என் தலையை மடியில் தூக்கி வைத்து அழத் தொடங்கினார், பாட்டு முடிகிறதாயில்லை. மூக்கு நுனியில் ஒரு நுளம்பு வந்து குந்தியது. செத்தவன் மூக்கைச் சொறியலாமா? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன், கண்ணால் தண்ணி ஓடியது. முன்வரிசையில் ஒரு ஆச்சி, "ஐயோ, பிணமும் அழுகுது" என்றார். ஊர் முழுக்க அன்றைக்கு நான்தான் பேச்சு. விடிய அம்மா கிணற்றடியில் இருத்தி, தேங்காயெண்ணெய் பூசி, பவுடரை உரஞ்சிக் கழுவினார். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாடு வராமல் ரீச்சரிடம் அடி வாங்கினேன். லோகிதாசன் கிணற்றடியோடு போய்விட்டான்.

இன்றைக்குக் கமெராவுக்கு முன்னால் நிற்கிற பிள்ளைக்கு அந்தக் கிணற்றடி இல்லை. அது பத்து வயதில் அழுத அழுகை, இருபது வயதிலும் ஆரோ ஒருவரின் கைத்தொலைபேசியில் ஓடிக்கொண்டிருக்கும். கீழே கருத்து எழுத ஆயிரம் பேர். ஒழுங்கையில் நாலு பேர் கண் பட்டால் செத்தல் மிளகாய் சுற்றி நாவூறு கழிக்கிற ஆக்கள் நாங்கள். பத்து லட்சம் கண்ணுக்கு எத்தனை கிலோ மிளகாய் வாங்குவது?

எதிரணி நண்பர், 1960 இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் குழந்தையாக வந்த கமல்ஹாசனைக் காட்டினார். சரி, பார்ப்போம். சில படங்களோடு அந்தக் குழந்தை வேடத்தை விட்டு, டி.கே.எஸ். நாடகக் குழுவில் போய்ப் பயின்றாரே, அந்தக் காலத்தை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? அவருக்கு ஒரு கிணற்றடி கிடைத்தது.

இனி நான் ஒருவரைக் காட்டுகிறேன். 'தங்கல்' என்ற இந்திப் படம் 2016 இல் வந்தபோது, அதில் நடித்த காஷ்மீர்ப் பிள்ளை சாய்ரா வசீமுக்கு 16 வயது. தேசிய விருதும் வந்தது. ஆனால் படம் வந்து ஒரு மாதத்துக்குள், முதலமைச்சரைச் சந்தித்ததற்காக இணையத்தில் ஏச்சு வாங்கி மன்னிப்பும் கேட்டு எழுதினார். 2018 இல், மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் தான் வாழ்வதை அவரே வெளியில் சொன்னார். புகழ்தான் நோயைக் கொடுத்தது என்று நான் அவிழ்த்துவிடமாட்டேன். முதல் பதற்றத் தாக்கம் பன்னிரண்டு வயதில் வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். 2019 இல் நடிப்பை விட்டதற்கு அவர் சொன்ன காரணம் இறைநம்பிக்கை, அதையும் என் கட்சிக்கு இழுக்கவில்லை. ஆனால் 2018 இல் அவர் கேட்டது என்ன? வேலை, படிப்பு, விசேஷமாகச் சமூக ஊடகம், எல்லாவற்றிலும் இருந்து ஒரு விடுப்பு. 'உனக்கு மனச்சோர்வு வருகிற வயதா?' என்றுதான் சுற்றியிருந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இந்தியாவில் 2017 விதிப்படி குழந்தை நடிகருக்கு நாளுக்கு 5 மணித்தியாலம், தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை கூடாது, வருமானத்தில் 20 வீதமாவது வைப்பில் போட வேண்டும். நல்ல விதி. மணித்தியாலத்தை எண்ணுகிறது, காசை எண்ணுகிறது. பிள்ளையின் நித்திரையை ஆர் எண்ணுவது?

எங்கள் பக்கத்துக் கதை இன்னும் மோசம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓட்டோ பிடிக்கிறோம். மனம் சரியில்லை என்றால் முதல் கேள்வி, "ஏன், விசரே?" இலங்கையில் 1926 என்று தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் ஒன்று இருக்கிறது. மகனின் வீடியோவுக்கு எத்தனை பேர் லைக் போட்டார்கள் என்று மனப்பாடமாகச் சொல்கிற தகப்பன்மாரில் எத்தனை பேருக்கு இந்த நாலு இலக்கம் தெரியும்?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணித் தலைவர் எழும்பும்போது பட்டியல் வாசிக்க வேண்டாம், ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அந்தப் பிள்ளை முகம் கழுவ எந்தக் கிணற்றடிக்குப் போவது?