படமும் பாட்டும்

நேயர்களுக்கு வணக்கம். மேற்கு வங்கத்தில் மேற்கு மேதினிபூர் மாவட்டம், பிங்களா பக்கம் நயா என்றொரு ஊர். அங்கே வாழும் ஓவியர்களுக்குப் பட்டுவா என்று பெயர். அவர்கள் வரையும் நீண்ட சுருள் படம்தான் வங்காளப் படசித்ரா.

வண்ணங்கள் எல்லாம் வீட்டைச் சுற்றியே கிடைப்பவை. நீலத்துக்குச் சங்குப்பூ, பச்சைக்கு அவரை இலை, கறுப்புக்கு விளக்குக் கரி. வில்வக்காயை உடைத்தால் விதையைச் சுற்றிப் பிசுபிசுவென்று ஒரு பசை இருக்கும். அதை வண்ணத்தோடு கலந்தால்தான் தாளில் நன்றாகப் பிடிக்கும். இந்தக் கலவையெல்லாம் சிரட்டையில்தான். தாளின் பின்புறம் பழைய சேலைத் துணியை ஒட்டிவிடுவார்கள். எத்தனை முறை சுருட்டி விரித்தாலும் தாங்கும்.

சரி, படம் ஆயிற்று. ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதி, பாட்டு. பட்டுவா சுருளை மேலிருந்து கட்டம் கட்டமாக விரித்து, விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே பாடுவார். பெஹுலா என்ற பெண்ணின் கதையைப் பாடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாம்பு தீண்டி இறந்த கணவன் லக்கிந்தரை வாழைத்தண்டுத் தெப்பத்தில் ஏற்றிக்கொண்டு பெஹுலா ஆற்றோடு போகிறாள். பாட்டில் தெப்பம் அடுத்த துறைக்கு வரும்போது விரலும் அடுத்த கட்டத்துக்கு வந்திருக்கும். கடைசியில் தன் பெயரையும் ஊரையும் சேர்த்துப் பாடி முடிப்பார். முன்பெல்லாம் இப்படி ஊர் ஊராகப் போய்ப் பாடி, அரிசியும் காசும் வாங்கி வருவார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பாம்புத் தெய்வமான மனசா தேவியையும் துர்க்கையையும் தலைமுறை தலைமுறையாகப் பாடி வருகிறார்கள். நம் கரையையும் வாரிச் சுருட்டிய 2004 சுனாமிக்கும் படம் எழுதிப் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

2018இல் வங்காளப் படசித்ராவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது குடையிலும் சட்டையிலும்கூட வரைகிறார்கள். வருமானம் வருகிறது, நல்லதுதான். என் கவலை பாட்டைப் பற்றியது. சட்டையில் மீனை வரைந்து விற்க யாரும் பாட வேண்டியதில்லையே! வாங்குகிறவர்கள் கேட்காவிட்டால், பிள்ளைகள் எதற்காகப் பாட்டை மனப்பாடம் செய்வார்கள்?

ஹௌராவிலிருந்து ரயிலில் பாலிசக் போய் இறங்கினால், அங்கிருந்து நயாவுக்குச் சாலை வழி. போகிறவர்கள் படத்தின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். சுருளை விரித்துப் பாடச் சொல்லுங்கள். பாட்டுக்கென்று தனியாகப் பணம் கொடுங்கள்.