பெயர் எந்த வரியில்?

அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும், கோயில்களில் புல் செதுக்கிச் சுத்தம் செய்ய, விடிவதற்கு முன்பே கிளம்பி வந்திருக்கும் உழவாரப் பணி மன்றப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

‘தலைமையும் தன்முனைப்பும்’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. ஒரு கும்பாபிஷேக நோட்டீசில் என் பெயரை ஒன்பதாவது வரியில், அதுவும் பொடி எழுத்தில் போட்டுவிட்டார்கள் என்று மூன்று வாரம் அந்தக் கோயில் பக்கமே போகாதவன் நான். சிரிக்கிறீர்கள். நோட்டீஸ் கைக்கு வந்ததும் நீங்கள் முதலில் தேடுவது சுவாமி பெயரையா?

சரி, அப்பர் என்று நாம் அழைக்கும் திருநாவுக்கரசரிடம் போவோம். 7ஆம் நூற்றாண்டு. அப்பர் என்றதும் கையில் உழவாரம் என்னும் புல் செதுக்கும் கருவியோடு நிற்கும் முதியவர்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறார். அதற்கு முன் அவர் சமண சமயத்தில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை இடத்தில் இருந்தவர். வாதத்தில் வெல்பவர். நாலு பேர் எழுந்து நிற்கும் மரியாதை அவருக்கு இருந்தது.

சூலை நோய் வந்தது, தாங்க முடியாத வயிற்றுவலி. அக்கா திலகவதியார் இருக்கும் திருவதிகைக்குப் புறப்பட்டார். எப்படிப் போனார் என்பதைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். வெள்ளைப் புடவையைப் போர்த்திக்கொண்டு, கை கொடுத்தவர்களைப் பிடித்துக்கொண்டு, யாரும் பார்க்காத இரவில் போகிறார். ஒரு தலைவருக்கு அடுத்தவர் கையைப் பிடித்து நடப்பதுதான் முதல் பாடம்.

அக்கா என்ன செய்தார்? உபதேசம் நீளவில்லை. திருநீறு கொடுத்தார். விடியும் முன் துடைப்பமும் சாணமும் தோண்டியுமாகக் கோயிலுக்குக் கிளம்பினார், தம்பியையும் கூட்டிக்கொண்டு. அந்த அம்மாவுக்கு அது தினசரி வேலை. தம்பி கையில் பிற்பாடு வந்த உழவாரத்துக்கு வித்து அந்தத் துடைப்பம்தான் என்று எனக்குப் படுகிறது. இது என் ஊகம், விட்டுவிடுங்கள்.

இப்போது திங்களூர். அந்த ஊர் அடியவர் அப்பூதி அடிகள் அப்பரைக் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனாலும் பிள்ளைகளுக்குத் திருநாவுக்கரசு என்று பெயர். தண்ணீர்ப் பந்தலுக்கும் அதே பெயர். வீட்டில் அளக்கும் படிக்கும் தராசுக்கும் பசுவுக்கும், ஏன், எருமைக்கும்கூட அதே பெயர்! அந்த வழியே அப்பர் வருகிறார். பந்தல் முழுக்கத் தன் பெயர். நம்மில் ஒருவர் என்றால் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்திருப்போம். அவர் அப்பூதியிடம் போய், ‘நீர் வைத்த பந்தலுக்கு உம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன்?’ என்று கேட்கிறார். அப்பூதிக்கு வந்ததே கோபம். ‘அவர் பெருமை தெரியாமல் பேசுகிறீரே, நீர் யார்?’ என்கிறார்.

இந்தக் கேள்விக்கு எத்தனை பேர் காத்திருக்கிறோம்! ‘நான்தான் அந்தத் திருநாவுக்கரசு’ என்று சொல்லிக்கொள்ள இதைவிட வாகான இடம் கிடைக்குமா? அப்பர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: வேறு சமயத் துறையிலிருந்து சூலை நோய் கரையேற்றி ஆட்கொண்ட, தெளிவில்லாத சிறியவன் நான். தன் வயிற்றுவலியைத்தான் முகவரியாகக் கொடுத்தார். பாட்டையோ புகழையோ சொல்லவில்லை.

அந்த வார்த்தை அந்த நேரத்தில் வாயில் வர வேண்டுமே, அது எங்கிருந்து வந்தது? ‘இனிமேல் அடக்கமாக இருப்பேன்’ என்று முடிவெடுத்தால் வராது. நானும் எடுத்துப் பார்த்தேன். என் அடக்கத்தை யாரும் கவனிக்கவில்லையே என்றுதான் வருத்தம் வந்தது. அவருக்கு அது கையிலிருந்து வந்தது. நாள் தவறாமல் புல் செதுக்கிய கை. திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தன. பருக்கைக் கல்லோடு சேர்த்து அவற்றையும் உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார் என்கிறது வரலாறு. ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்றவர் அவர். ‘கிடப்பதே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தன்னைத் தாங்குவது இறைவன் கடன் என்று அதே பாட்டில் முதலில் ஒப்படைத்துவிட்டார். தாங்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தால்தான் மனிதன் நிம்மதியாகக் கிடக்க முடியும். இல்லாவிட்டால் தன்னைத் தானே தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

பொறுப்பில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். மேற்பார்வை பார்க்காதீர்கள். தளக் கல்லுக்கும் தளக் கல்லுக்கும் நடுவில் வேர் விட்டிருக்கிற புல்லைக் குந்தி உட்கார்ந்தால்தான் எடுக்க முடியும். பந்தியில் கடைசியாக உட்காருங்கள். சாம்பார் தீர்ந்துபோனால் ரசம் போதும். அப்புறம், பணி செய்யும்போது எடுத்துக்கொள்ளும் அந்த போட்டோ. ஒரு ஞாயிறாவது அது இல்லாமல் செய்து பாருங்கள், எவ்வளவு கை அரிக்கிறது என்று தெரியும்.

போன மாதம் ஒரு பிராகாரத்தில் நெருஞ்சி பிடுங்கிக்கொண்டிருந்தேன். தலையில் துண்டு, வேட்டி முழுக்க மண். தரிசனம் முடித்து வந்த ஓர் அம்மா, ‘பாவம், வெயில்ல கிடக்கிறாரு’ என்று பத்து ரூபாயை நீட்டினார். நான் யார் தெரியுமா என்று தொண்டை வரை வந்துவிட்டது. மன்றத்துப் பையன்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கி மடியில் செருகிக்கொண்டேன். அந்த அம்மா, ‘அந்த மூலையிலயும் முள்ளு இருக்கு, பாத்துக்குங்க’ என்றார்.

போய்ப் பார்த்தேன். நிறையவே இருந்தது.