ஒரு நாற்காலிக்கு ஐந்து பேர்

நேயர்களுக்கு வணக்கம். காவல் நிலையத்தில் எழுத்தராகப் பல ஆண்டுகள் இருந்தவன் நான். யாருக்கு எந்த டியூட்டி என்று பட்டியல் போடுவது என் பொறுப்பு. அந்தப் பட்டியலை நான் பேனாவால் எழுதியதே இல்லை, பென்சில்தான். காலையில் எழுதிய பெயரை மதியம் அழிப்பேன், மாலையில் மறுபடியும் அழிப்பேன். மாதக் கடைசியில் இரவு ரோந்துக் கட்டத்தில் மட்டும் தாள் நைந்து ஓட்டை விழுந்திருக்கும். ஆள் பற்றாக்குறை என்று யாராவது பேசினால் அந்த ஓட்டைதான் என் கண்முன் வருகிறது.

"நாற்பது பேர் இருக்கும் நிலையத்திலிருந்து இரவில் கூப்பிட்டால் இரண்டு பேர்தான் வருகிறார்கள், மற்றவர்கள் எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் உழைப்பவர் ஆண்டுக்கு 2,080 மணி நேரம் தருவார். விடுப்பு, காய்ச்சல், பயிற்சி, சாட்சி சொல்ல நீதிமன்ற வாசலில் காத்துக் கிடக்கும் நாட்கள் எல்லாம் கழிந்தால் 1,700 தேறினாலே பெரிது. ஆக, இரவு பகலாக ஆள் இருக்க வேண்டிய ஒரே ஒரு நாற்காலிக்கு ஐந்து பேர் போதாது. நாற்பது பேரில் ஒரு நேரத்துக்குக் கையில் கிடைப்பவர்கள் ஏழெட்டுப் பேர். பாரா என்னும் நிலையக் காவல், வரவேற்பு மேசை, விசாரணை எல்லாம் போக மிஞ்சுபவர்கள்தான் வீதிக்கு வருகிறார்கள்.

இதில் நான்கு இடம் காலியானால் அந்தப் பாரம் இருப்பவர்கள் தலையில்தான் ஏறும். ஒருநாள் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வீடு திரும்பிய இளம் காவலரை மறுபடி அழைக்க வேண்டியதாயிற்று. போனை எடுத்தது அவருடைய மகள். "அப்பா இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தார்" என்றாள். வரச் சொன்னேன்; வந்தார். ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் பெயரையும் அதே பென்சில் பட்டியலிலிருந்துதான் அழித்தேன்.

அவர் இடத்துக்கு இன்னொருவர் உடனே வந்துவிட முடியாது. எழுத்துத் தேர்வு, உடல் தகுதி, மருத்துவச் சோதனை, நன்னடத்தை விசாரணை, மாதக்கணக்கில் பயிற்சி, அதன்பிறகு மூத்தவர் ஒருவரோடு சுற்றிப் பழகும் காலம் என்று ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஓடிவிடும். ஓய்வு பெறும் தேதி பணியில் சேரும் நாளிலேயே ஏட்டில் இருக்கிறது. இருந்தும் நாற்காலி காலியான பிறகுதான் கோப்பு நகர்கிறது. இதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவசரத்தில் ஆள் பிடித்தால் என்ன ஆகும் என்பதும் பழைய கதைதான். 1829இல் லண்டன் மாநகரக் காவல்துறை தொடங்கியபோது முதலாம் எண் பெற்ற காவலர், குடித்திருந்ததற்காக முதல் நாளே நீக்கப்பட்டார். நம் காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2010க்குப் பிறகு செலவைக் குறைக்க ஏறத்தாழ 20,000 காவலர்களைக் குறைத்தார்கள். 2019இல் மறுபடி 20,000 பேரை எடுப்பதாக அறிவித்து, 2023 மார்ச்சுக்குள் எடுத்தும் முடித்தார்கள். தலைக்கணக்கு சரியாயிற்று. ஆனால் இருபது ஆண்டு அனுபவத்தோடு வெளியேறியவரின் கண்ணும் காதும் புதியவருக்கு ஒரே நாளில் வந்துவிடாது. கற்றுக்கொடுக்க வேண்டியவர்களிலேயே பலர் நேற்றுச் சேர்ந்தவர்கள்.

விளம்பரம் கொடுக்கட்டும், தேர்வு நடத்தட்டும். அதற்கு முன்பு, தட்டச்சுக்கும் தபாலுக்கும் சீருடைக்காரரை அனுப்புவதை நிறுத்தலாம். அடுத்த மாத விடுமுறை நாளை இந்த மாதமே சொல்லி, சொன்னபடி கொடுக்கலாம். ராஜினாமா கடிதம் நீட்டுபவரை உட்காரவைத்து, ஏன் போகிறீர்கள் என்று கேட்கலாம். அந்த இளைஞரிடம் நான் கேட்கவில்லை. கடிதத்தை வாங்கி முத்திரை குத்தினேன்.

வணக்கம்.