ஒழுகவில்லை, வியர்த்திருக்கிறது

நேயர்களுக்கு வணக்கம். பனிச்சறுக்குக்குச் செல்லும் பெண்கள் எல்லாவற்றுக்கும் மேலே அணிகிற ஹார்ட் ஷெல் ஜாக்கெட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். பனியில் சறுக்கியே பார்த்திராதவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்பதால், எல்லோருக்கும் பழக்கமான ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மிதிவண்டியில் ஒரு மேட்டை ஏறியிருப்பீர்கள். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினால் உள்ளே சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். எங்கே ஓட்டை என்று கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள், ஓட்டை இராது. உங்கள் வியர்வைதான் வெளியேற வழியில்லாமல் சட்டையில் தங்கியிருக்கும். நான் சொல்லப்போவதில் பாதிக்கும் மேல் இந்த மழைக்கோட்டுக் கதைதான்.

ஹார்ட் ஷெல் குளிரைப் போக்குகிற உடை அன்று. பஞ்சோ இறகோ அடைக்காத, காற்றையும் ஈரத்தையும் தடுப்பதற்காகவே உள்ள மேலுறை அது. உடம்புச் சூட்டைக் காப்பது அதற்குள்ளே நாம் அணிகிற மெரினோ கம்பளி, ஃபிளீஸ் போன்றவற்றின் வேலை. இந்த மேலுறையின் துணிக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கொண்ட ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. 1969ஆம் ஆண்டில் பாப் கோர் என்பவர், டெஃப்லான் என்று நாம் தோசைக்கல்லில் அறிந்திருக்கிற அதே பொருளின் கம்பிகளைச் சூடாக்கி மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்து, ஒவ்வொன்றும் அறுந்துபோன எரிச்சலில் ஒன்றை வெடுக்கென்று இழுத்தபோது, அது அறாமல் பல மடங்கு நீண்டு நுண்துளைகள் நிறைந்த பொருளாகிவிட்டது. கோர்டெக்ஸ் என்ற படலம் பிறந்தது அப்படித்தான். நீர்த்துளி அந்தத் துளைகளில் நுழைய முடியாது. நீராவி நுழைந்து போய்விடும். இப்போது அதே வேலையைச் செய்கிற வேறு படலங்களும் வந்துவிட்டன.

நீராவி போய்விடும் என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் பலரும் ஏமாறுகிறோம். லிஃப்டில் உட்கார்ந்து மேலே போய், சறுக்கிக் கீழே வருகிற ரிசார்ட் தளங்களில் உடம்பு அவ்வளவாக வியர்ப்பதில்லை. அங்கே எதிரி, லிஃப்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது முகத்தில் அறைகிற காற்று. லிஃப்டே இல்லாத பேக்கண்ட்ரி மலைகளில், சறுக்குப் பலகையின் அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நடந்து ஏற வேண்டும். அங்கே எதிரி நம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

முதன்முறை அப்படி ஏறியபோது, விலை உயர்ந்த ஜாக்கெட் ஆயிற்றே என்ற நம்பிக்கையில் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினேன். முகட்டை அடைந்து நின்ற ஐந்தாவது நிமிடம் உள்சட்டையின் ஈரம் முதுகில் பனிக்கட்டியாக ஒட்ட, பல் கிட்டிக்கொண்டது. ஜாக்கெட் ஒழுகுகிறது என்று நான் புலம்ப, உடன் வந்த வயதில் மூத்த அக்கா என் கையைப் பிடித்து ஜாக்கெட்டின் உள்பக்கத்தைத் தடவிக் காட்டி, "ஒழுகவில்லை அம்மா, வியர்த்திருக்கிறது. கிளம்பும்போதே இதமாக இருந்தால் நீ அதிகமாகப் போட்டிருக்கிறாய் என்று அர்த்தம்" என்றார். இன்றும் மலையடிவாரத்தில் லேசாக நடுங்கிக்கொண்டுதான் நடக்கத் தொடங்குகிறேன்.

கணக்கும் அந்த அக்காவின் பக்கம்தான். ஜாக்கெட்டின் சீட்டில் 20,000 கிராம் என்று ஆவி வெளியேற்றும் திறனைப் போட்டிருந்தால், அது ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் ஆய்வகத்தில் வெளியேற்றுகிற அளவு. மணிக்கு 800 கிராம் சொச்சம். கடுமையாக ஏறுகிறவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்கூட வியர்க்கும். முதுகையோ பை அடைத்துக்கொண்டிருக்கும். ஆகவே சீட்டில் உள்ள எண்ணைவிட, அக்குளின் கீழே நீளமாகத் திறக்கிற ஜிப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கையுறையோடு ஒற்றைக் கையால் அதைத் திறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே ஜாக்கெட் வேண்டுமென்றால், அடைப்பு எதுவும் இல்லாத, வெளித்துணியும் படலமும் உள்துணியும் ஒன்றாக ஒட்டிய மூன்றடுக்குத் துணியும் அக்குள் ஜிப்பும் உள்ளதை எடுத்து, ரிசார்ட்டுக்குப் போகும் நாளில் உள்ளே ஓர் உடுப்பைக் கூட்டிக்கொள்வதே என் வழக்கம்.

அடுத்தது அளவு. பெண்களுக்கானது என்ற பெயரில், ஆண்களின் ஜாக்கெட்டைச் சுருக்கி நிறத்தை மட்டும் மாற்றி விற்ற காலம் ஒன்று இருந்தது. அது முற்றிலும் போய்விடவில்லை என்பது என் மனக்குறை. சிலவற்றில் இடுப்பை அழகுக்காக ஒடுக்கிவிடுகிறார்கள். உள்ளே தடித்த உடுப்பு போட்டால் மூச்சு முட்டுகிறது. கடைக்குப் போகும்போது உள்ளே அணியப்போகிற கம்பளியைப் போட்டுக்கொண்டு, தலைக்கவசத்தையும் முதுகுப்பையையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்குங்கள். வயிறு தெரிந்தால் வேண்டாம். குந்தி உட்காருங்கள், இடுப்பெலும்பில் விளிம்பு இறுக்கினால் வேண்டாம். தலைக்கவசத்தின் மேல் ஜாக்கெட்டின் தொப்பியை இழுத்து, ஜிப்பைத் தாடைவரை மூடி, இடமும் வலமும் திரும்புங்கள். உங்கள் கண் தொப்பியின் துணியைப் பார்த்தால் அதுவும் வேண்டாம். பின்னலோ கொண்டையோ போடுகிறவர்கள் அதோடுதான் இதைச் செய்து பார்க்க வேண்டும். முதுகுப்பையின் இடுப்புப்பட்டையை மாட்டிய பிறகு ஜாக்கெட்டின் பைகளுக்குள் கை போகிறதா என்றும் பாருங்கள். பட்டைக்குக் கீழே மாட்டிக்கொள்கிற பையால் மலையில் பயனில்லை. கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

விழும்போது பனி உள்ளே ஏறாமல் இடுப்பைச் சுற்றி இறுக்குகிற, ஜாக்கெட்டுக்கு உள்ளே இருக்கும் உட்பாவாடை ரிசார்ட்டிலும் ஆழமான பனியிலும் உதவும். ஏறும்போது அது வெறும் சுமை, ஆகவே கழற்றக்கூடியதாக இருந்தால் நல்லது.

சில ஜாக்கெட்டுகளில், பனியில் புதைந்தவரைத் தேட உதவும் ரெக்கோ என்ற சிறு பிரதிபலிப்பான் தைத்திருக்கும். அதற்கு மின்கலம் இல்லை. அதற்கான கருவியோடு வருகிற மீட்புக் குழுவுக்கே அது உதவும். பனிச்சரிவில் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 15 நிமிடங்களுக்குள்ளேயே வேகமாகச் சரியத் தொடங்குவதால், மீட்கப்போவது பெரும்பாலும் கூட வந்தவர்கள்தான். அவர்களுக்குத் தேவை, 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பவும் வாங்கவும் செய்கிற டிரான்ஸீவர் என்ற கருவி, துழாவும் கம்பி, மண்வாரி ஆகிய மூன்றும். டிரான்ஸீவரை ஜாக்கெட்டின் வெளிப்பையில் போடாதீர்கள்; ஜாக்கெட்டுக்கு உள்ளே, உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள்.

நேரமாகிறது என்று நிலையத்தின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். சலவையைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிவிடுகிறேன். வெளித்துணியின் மேல் நீரை உருட்டிவிடுகிற பூச்சு அழுக்காலும் எண்ணெயாலும் வேலை செய்யாமல் போகும். அப்போது துணி ஈரத்தைக் குடித்து, வியர்வை வெளியேறும் வழியை அடைத்துவிடும். நீங்களும் ஒழுகுகிறது என்பீர்கள். துவைக்காமல் வைத்திருப்பதுதான் ஜாக்கெட்டுக்குப் பாதுகாப்பு என்பது தவறான எண்ணம். ஜிப்புகளை மூடி, இதற்கென்று விற்கிற திரவத்தில் துவைத்து, இருமுறை அலசி, சீட்டில் அனுமதித்திருந்தால் மிதமான சூட்டில் இயந்திரத்தில் உலர்த்துங்கள். அந்தச் சூட்டில் பூச்சு மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். அதன் பிறகும் நீர் உருளவில்லை என்றால் தெளிப்பான் வாங்கிப் புதிதாகப் பூசுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் ஒரு துளிகூட வேண்டாம். நன்றி, வணக்கம்.