பழுத்த பழத்துக்கு என்ன விலை?

எல்லோருக்கும் வணக்கம். சாயங்காலம் நாலு மணிக்குக் காபி கொடுக்காமல் காபியைப் பற்றிப் பேசினால் உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். வெளியே மேசையில் இரண்டு பிளாஸ்க் இருக்கிறது. பேச்சு முடிந்த பிறகுதான் திறக்கணும் என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன், அதனால் அமைப்பாளர்களைத் திட்டாதீர்கள்.

நான் காபி வறுக்கிறவன். பெரிய ஆலை எல்லாம் கிடையாது, ஒரு தடவைக்கு 5 கிலோ வறுக்கிற மெஷின் ஒன்று, உதவிக்கு ஒரு பையன், அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் வாசனையைப் பற்றிக் கேட்பதில்லை, "ஏன் சார் இந்த விலை?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 2019இல் நியூயார்க் சந்தையில் அராபிகா என்கிற காபி வகை ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 1 டாலருக்கும் கீழே கிடந்தது. நம் கணக்கில் கிலோ 150 ரூபாய்கூட இல்லை. 2025 பிப்ரவரியில் அதே பவுண்டு 4 டாலரைத் தாண்டியது, கிலோவுக்கு 750 ரூபாய்க்கு மேல். நடுவில் 2021 ஜூலையில் பிரேசிலில் உறைபனி, 2024இல் அங்கேயே வறட்சி, வியட்நாமிலும் மழை ஏமாற்றியது. 1977இல் ஏறிய உச்ச விலை, அதுவும் 1975இல் பிரேசிலில் விழுந்த உறைபனியால் வந்ததுதான், 2024 டிசம்பர் வரை யாரும் தொடாமல் இருந்தது. இந்தியக் காபியில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போகிறது, அதனால் நம் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் விலை சொல்கிற வியாபாரியும் போனில் நியூயார்க்கைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்.

சரி, விவசாயிக்கு நாலு காசு கிடைத்தால் உனக்கு என்னய்யா வலிக்கிறது என்று கேட்பீர்கள். வலிக்கவில்லை. 2019இல் பறிகூலியாவது தேறுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் வீட்டுக்கு இப்போது ஓடு மாற்றியிருக்கிறார்கள் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். என் பிரச்சினை வேறே. சாதாரணக் காபிக்கும் நல்ல காபிக்கும் நடுவே இருந்த விலை இடைவெளி சுருங்கிவிட்டது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு கிளையைக் கிட்டப்போய்ப் பார்க்கணும். ஒரே கிளையில், ஒரே கொத்தில், நன்றாகச் சிவந்த பழம் நாலு, மஞ்சள் தட்டினது இரண்டு, பச்சைக்காய் மூன்று என்று ஒட்டிக்கொண்டிருக்கும். பூ ஒரே நாளில் பூப்பதில்லை, அதனால் பழமும் ஒரே நாளில் பழுப்பதில்லை. கையை மேலிருந்து கீழே ஓர் இழுப்பு இழுத்தால் எல்லாம் கூடையில் விழுந்துவிடும். சிவந்ததை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தால் அதே ஆளால் பாதி எடைகூடப் பறிக்க முடியாது, மிச்சம் பழுக்கக் காத்திருந்து அதே செடிக்கு நாலைந்து தடவை போகணும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் யாரும் கிள்ள மாட்டார்கள், நாள்கூலிதான் கொடுக்க வேண்டும். அப்படிப் பறித்த ஏறக்குறைய 6 கிலோ பழத்தில்தான் ஒரு கிலோ கொட்டை. அதைப் பழத்தோடு காயவைக்கிற முறை என்றால் மூன்று வாரம் கிளறிக்கொண்டே இருக்கணும். கீழ்ப்பழனி மலையில் அறுவடை நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வந்து நிற்கும், நடு ராத்திரி எழுந்து தார்ப்பாய் போர்த்துகிறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். இத்தனையும் செய்து, ருசி பார்க்கிறவர்கள் 100க்கு 80 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ போட்டால்தான் ஸ்பெஷாலிட்டி காபி என்று பெயர்.

இப்போது ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். சந்தையில் கிலோ 200 போகும்போது, கிள்ளிப் பறித்ததுக்கு நான் 320 கொடுக்கிறேன். அந்தக் கூடுதல் 120 ரூபாய், அதாவது சந்தை விலையில் பாதிக்கும் மேலே, விவசாயியை ராத்திரி எழுப்பும். சந்தை 500 ஆனபோதும் அதே 120ஐ நீட்டினால்? கால்பங்குகூட இல்லை. கூலி வேறு ஏறியிருக்கிறது, காயவைக்கிற மூன்று வாரத்தில் விலை விழுந்தாலும் விழலாம். வாசலில் வியாபாரியின் லாரி நிற்கிறது, பச்சையோ சிவப்போ கேள்வி கேட்காமல் கையில் பணம். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆறு வருடமாக ஒரே தோட்டத்தில்தான் எடுக்கிறேன், எழுத்து ஒப்பந்தம் எல்லாம் கிடையாது, தோட்டக்காரர் வீட்டுத் திண்ணையில் பேசுகிற பேச்சுதான். ஒரு வருடம் புரட்டாசியில் விலை பேசினோம். மார்கழியில் போன். "தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்தார். அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டவரில்லை. நான் சொன்னேன், "அண்ணே, எவ்வளவு கொடுத்தீங்க, எவ்வளவு மிச்சம் இருக்கு, அதை மட்டும் சொல்லுங்க." பாதியை லாரிக்காரருக்குக் கொடுத்துவிட்டார். மகள் கல்யாணம். நான் கோபப்படவில்லை என்று சொன்னால் பொய், ஆனால் அன்றைக்கு என் பையில் இருந்த பணத்துக்கு அவர் காத்திருந்திருக்க வேண்டும் என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பணம்தான் அடுத்த தொல்லை. அறுவடை முடிகிற அந்த இரண்டு மூன்று மாதத்தில் வருடம் முழுக்க வறுக்க வேண்டிய கொட்டையை வாங்கிப் போட்டாகணும். விலை இரண்டு மடங்கானால் அதே மூட்டைகளுக்கு இரண்டு மடங்கு கடன், வட்டி. பெரிய கம்பெனி, பின்னால் வாங்கப்போகிற சரக்குக்கு இப்போதே விலையைக் கட்டிவைக்கிற முன்பேர வணிகத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும், நான் நகையைத்தான் பார்க்கணும்.

இதில் ஒரு வேடிக்கை. ஏசி போட்ட கஃபேயில் 220 ரூபாய்க்கு விற்கிற கப்புச்சினோவில் 18 கிராம் வறுத்த காபி. கிலோவுக்கு 500 ரூபாய் ஏறினால் ஒரு கோப்பைக்கு ஏறுவது 9 ரூபாய். வாடகையும் பாலும்தான் அங்கே பெரிய செலவு, ஆனாலும் காபி விலை ஏறிவிட்டது என்று போர்டில் 40 ரூபாய் ஏற்றுகிறார்கள். இங்கே கஃபே நடத்துகிறவர்கள் சிலர் சிரிக்கிறீர்கள், சரி. 25 ரூபாய்க்கு டிகிரி காபி போடுகிற மெஸ்காரர்தான் உண்மையில் மாட்டிக்கொண்டவர். அவரால் 3 ரூபாய்கூட ஏற்ற முடியாது, அதனால் அவர் வாங்குகிற தூளில் சிக்கரி ஏறுகிறது. சட்டப்படி 49 சதவீதம் வரை சிக்கரி போடலாம், பாக்கெட்டில் சிறிய எழுத்தில் இருக்கும், வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். சிக்கரி எனக்கு எதிரி இல்லை, என் அம்மா போட்ட காபியிலும் அது உண்டு.

அந்த அண்ணன் இந்த வருடம் ஐந்து சுற்றுக்குப் பதிலாக மூன்று சுற்றுதான் பறித்தார். நானும் ஒத்துக்கொண்டேன், வேறு வழியில்லை. ஒரு மூட்டை மட்டும் எனக்காகப் பழைய மாதிரி சிவந்ததாகப் பார்த்துக் கிள்ளிக் கொடுத்தார். அதுவும் மற்றதும்தான் வெளியே இருக்கிற அந்த இரண்டு பிளாஸ்க். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. எது எது என்று எழுதி ஒட்டவில்லை. இரண்டிலும் அரை டம்ளர் ஊற்றிக்கொண்டு, உடனே குடிக்காமல் ஆறவிடுங்கள். சூட்டில் எல்லாக் காபியும் நல்ல காபிதான். ஆறினதும் ஒன்றில் வாழைக்காய்த் தோலைக் கடித்த மாதிரி நாக்கில் ஒரு துவர்ப்பு நிற்கும்.